படியிறங்கினால் புலி

நம் நாட்டில் ஒரு வகைப் புலி உண்டு. காட்டில் தேடாதீர்கள், கூட்டம் முடிந்த மண்டபத்தின் வாசற்படியில் நிற்கும். உள்ளே எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, கொடுத்த டீயையும் வடையையும் முடித்து, செருப்பை மாட்டிய மறுநொடி உறுமத் தொடங்கும்.

தோவாளைப் பூ வியாபாரி வைகுண்டராஜன் இந்த இனத்தில் அசல் வித்து. சந்தைத் தெருவுக்குள் காலை எட்டு மணிக்கு மேல்தான் சரக்கு வண்டி வரலாம் என்று ஒரு வரைவு விதி வந்தது. பொதுமக்கள் கூட்டத்துக்கு வந்து கருத்துச் சொல்லலாம் என்றார்கள். சும்மா இருப்பாரா? டீக்கடையில், பஸ் ஸ்டாப்பில், சலூனில் பாதி முகம் சோப்பு நுரையோடு இருக்கும்போதுகூட, "கூட்டத்தில வச்சுக் கிழிச்சுப் போடுகேன், பாத்துக்கிடுங்க" என்று முழங்கினார்.

கூட்ட நாள் வந்தது. அதிகாரி அம்மா விதியை வாசித்துவிட்டு, "யாருக்காவது ஆட்சேபம் உண்டா?" என்றார். மைக் கைமாறிக் கைமாறி வைகுண்டராஜனிடம் வந்தது. எழுந்தார். கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். இத்தனை பேர் வாய்மூடி இருக்க, நாம் ஒருத்தர் மட்டும் எதற்கு? நாளைக்கு லைசென்ஸுக்கு இந்த அம்மாவிடம்தானே போய் நிற்க வேண்டும்?

"நல்ல விதி. நாங்க எல்லாரும் ஒத்துழைப்போம்."

கைதட்டல்! உட்கார்ந்ததும் போன உயிர் திரும்பி வந்தது. பக்கத்துக் கடை ஜெப்சனின் காதருகே குனிந்தார்.

"நல்ல விதியாம், மண்ணாங்கட்டி! எட்டு மணிக்குள்ள பிச்சி மொட்டெல்லாம் வாயப் பொளந்திரும் மக்கா. பொறவு அத எவன் வாங்குவான்? திருவனந்தபுரத்துக் கோயில்காரன் நம்ம வண்டிக்காக சாமிய மாலையில்லாம நிறுத்தி வைப்பானா?"

மண்டபம் முழுக்க எதிரொலித்தது. மைக் இன்னும் அவர் மடியில்தான் கிடந்தது.

ஒட்டிக்கிடந்த இரண்டு தலைகளையும் அதிகாரி அம்மா உற்றுப் பார்த்தார். பேனாவை எடுத்தார். "இதுதான் கருத்து. இதுக்குத்தான் உங்களக் கூப்பிட்டோம். சொன்னது யாரு?"

வைகுண்டராஜன் சட்டென்று பக்கத்தில் கையைக் காட்டினார். "ஜெப்சன்" என்று சொல்லி, மைக்கை அவர் கையில் திணித்தார்.

ஜெப்சன் விடுவாரா? "ஆமா மேடம், நாந்தான்" என்று எழுந்து நாலு பக்கமும் கும்பிட்டார்.

விதி மாறியது, வண்டிகள் பழையபடி விடியுமுன் வந்தன. வியாபாரிகள் கூடி ஜெப்சனுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். ஆளுயர மாலைக்குப் பூ கொடுத்தது யாரென்று நினைக்கிறீர்கள்? வைகுண்டராஜன்தான். "அன்னைக்குப் பேசுனது நானாக்கும்" என்று அவர் இன்றுவரை சொல்லிப் பார்க்கிறார். "நீரா? நீரு நல்ல விதின்னுல்லா சொன்னீரு!" என்கிறது ஊர்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். போன மாதம் உங்கள் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் தீர்மானம் 'ஒருமனதாக' நிறைவேறியது என்று எழுதியிருக்கிறார்களே, அந்த ஒரு மனம் யாருடையது? உங்களுடையதா?