வெலிமடையில் லாவண்டர் பார்த்தோம்

எங்கள் வீட்டுப் பின்வளவில் மூலிகைத் தோட்டம் வரவே கூடாது என்று முடிவெடுத்தேன். அப்போது வீட்டில் யாரும் இல்லை. அதனால் மிகவும் உறுதியாக எடுத்தேன்.

அந்த வளவில் கொங்கிரீட் போட்டு பட்மின்டன் கோர்ட் அமைப்பது என் திட்டம். எங்கள் ஊர் மருதமுனையில் பாதிப் பேருக்குச் சொல்லியும் விட்டேன். என் மனைவி அஸ்பியாவோ போனில் வீடியோ பார்த்துப் பார்த்து, அதே வளவில் றோஸ்மேரி, புதினா, லாவண்டர் என்று வரிசையாக நட்டுக்கொண்டிருந்தாள். இப்போதைக்கு வாயால்.

நேரே மறுக்கும் வீரம் எனக்கில்லை. மலைநாட்டில் வெலிமடைப் பக்கம் ஒரு மூலிகைத் தோட்டம் இருக்கிறது. அங்கே கூட்டிப்போனால், குளிரையும் கறுத்த மண்ணையும் பார்த்து, இது எங்கள் ஊருக்குச் சரிவராது என்று அவளே விட்டுவிடுவாள் என்று கணக்குப் போட்டேன்.

"புள்ள, வாற சனிக்கிழமை போய்ப் பார்ப்பமா?"

"நீங்க கூட்டிப்போறண்டா சரிதான்."

இவ்வளவு லேசாகச் சம்மதித்தபோதே நான் பயந்திருக்க வேண்டும்.

அவள் தம்பி ஜவுபர் வேன் ஓட்டினான். மலைச்சரிவு முழுக்க ஊதா. சோப்புப் பெட்டிக்குள் விழுந்தது போல வாசம். தோட்டக்காரி அன்ரனிற்றா எங்கள் பக்கத்து ஊர் கல்முனையில் பிறந்து வெலிமடையில் கல்யாணம் முடித்து வந்தவர். அஸ்பியா ஒவ்வொரு செடியாக மோந்துகொண்டிருந்த நேரம் பார்த்து, அவரிடம் தனியாகப் போனேன்.

"தங்கச்சி, ஒரு உதவி. எங்கட வளவுக்கு இதெல்லாம் சரிவராதெண்டு அவக்கிட்டச் சொல்லணும்."

"மண் எப்படி நானா?" என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டார்.

"சுத்த மணல். தண்ணி ஊத்தினா நிக்காது. ஒரு நிழல் இல்ல. காலையில தொடங்கினா பின்னேரம் வரைக்கும் வெயில்."

"ஓம், சொல்றன்."

நல்ல பெண் என்று நினைத்தேன். அஸ்பியா வந்ததும் அவர் சொன்னார்: "லாவண்டர் உங்கட பக்கத்துச் சூட்டுக்கு நிக்காது."

என் நெஞ்சு குளிர்ந்தது.

"ஆனா, றோஸ்மேரி கேக்கிறதே நானா சொன்ன மண்ணத்தான். தண்ணி நிக்காத மணல், நாள் முழுக்க வெயில். அந்த வளவ விட்டுராதீங்க."

அஸ்பியா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "நீங்களா கேட்டீங்க? எனக்காகவா?"

இல்லை என்று எப்படிச் சொல்வது? தலையை ஆட்டினேன்.

ஜவுபர் நாற்றுகளை வேனில் ஏற்றத் தொடங்கினான். கோர்ட்டின் இடது பக்கம் போயிற்று. பிறகு வலது பக்கம். கடைசியாக வலை கட்டும் இடமும் போயிற்று. அப்போதுதான் அன்ரனிற்றா ஒரு தாளை நீட்டினார்.

"நானா, இதில ஒரு கையெழுத்து."

சேதனப் பசளைப் பயிற்சி, அதாவது இயற்கை உரம் செய்யும் பயிற்சி. இன்று தொடங்கி மூன்று நாள், தங்குமிடத்துடன். சாணம் கரைத்தல், மீன் கழிவு புளிக்க வைத்தல். முதல் பெயர்: மிஹ்லார், மருதமுனை. உலகத்தில் வேறு மிஹ்லார் இருக்கலாம். மருதமுனை மிஹ்லார் நான்தான்.

"யார் பதிஞ்ச?"

"நீங்க போவம் எண்டு சொன்ன அண்டைக்கே நான் இவக்குப் போன் எடுத்துப் பதிஞ்சிட்டன்," என்றாள் அஸ்பியா. "வளவில வேல செய்யிற ஆள்தானே படிக்கணும்."

"திங்கக்கிழமை எனக்குக் கந்தோர் வேல இரிக்கி."

"லீவு சொல்லியாச்சி. உங்கட கந்தோர்ப் பெரியவர்ர பொஞ்சாதி நுஸ்ஹா என்னோட படிச்சவதானே."

அவள் வேனிலிருந்து ஒரு பையை எடுத்து வந்து என் கையில் தந்தாள். திறந்து பார்த்தேன். உடுக்கச் சாரன், பல் பிரஷ், நான் தினமும் விழுங்கும் பிரஷர் குளிசை, ஒரு சோடி றப்பர் கையுறை.

அவளுக்கு நாற்று. எனக்கு நாற்றம்.

வேன் நகர்ந்தது. கொஞ்சத் தூரம் போய் நின்றது. மனம் மாறிவிட்டாள் என்று பையோடு ஓடினேன். அஸ்பியா கண்ணாடியை இறக்கினாள்.

"வரக்குள்ள ரெண்டு மூட்டை பசளை தூக்கிட்டு வாங்க. பஸ்ஸில ஏத்துவாங்களாம். கேட்டுட்டன்."