பள்ளிப்பட்டு கெடா விருந்தும் என் நெஞ்செரிச்சலும்

முருகனுக்கே கோபம் தணிந்த ஊர் திருத்தணி என்பார்கள். என் நெஞ்செரிச்சல் மட்டும் இங்கே தணிய மாட்டேன் என்கிறது. வருஷக்கணக்காகக் குடியிருக்கிறது. காலி செய்யும் எண்ணமே இல்லை.

இந்த வியாதிக்கு எதுக்களிப்பு என்று பெயர். உள்ளே போன சோறு போன இடத்தில் கிடக்காமல், எதிர்த்துப் பேசிக்கொண்டு மேலே வரும். எதிர்த்துப் பேச வீட்டில் ஏற்கனவே ஒரு ஆள் இருப்பது அதற்குத் தெரியாது.

அந்த ஆள் காஞ்சனா. என் மனைவி. "காரத்தைக் குறைங்க" என்று டாக்டர் ஒரு வார்த்தைதான் சொன்னார். இவள் அதை அரசாங்க உத்தரவாக்கிவிட்டாள். காலையில் இட்லி, சட்னி கிடையாது. மத்தியானம் வேகவைத்த சுரைக்காய். நான் அதைப் பார்ப்பேன், அது என்னைப் பார்க்கும். இரண்டு பேருக்கும் பிடிக்காத கல்யாணம். பொழுது சாய்ந்ததும் கஞ்சி. படுத்தால் அமிலம் மேலே ஏறுமாம், அதற்காகக் கட்டிலின் தலைமாட்டுக்குச் செங்கல் முட்டு. அமிலம் ஏறியதோ இல்லையோ, நான் இறங்கினேன். விடியும்போது கால்மாட்டில் சுருண்டு கிடப்பேன்.

ஊரில் எல்லாருமே வைத்தியர்கள். கே.ஜி.கண்டிகையில் என் நிலத்தைப் பார்க்கப் போனால், டீக்கடைக்காரர் "சீரகத் தண்ணி குடிங்க வேதாசலம்" என்பார். சொல்லிக்கொண்டே என் மூக்குக்கு எதிரில் மிளகாய் பஜ்ஜியை எண்ணெயில் போடுவார். அக்கறையைப் பாருங்கள்! ஊரை அடித்து உலையில் போட்டவனெல்லாம் சுகமாக ஏப்பம் விடுகிறான். சுரைக்காய் தின்கிற எனக்குப் புளித்த ஏப்பம்.

அப்போதுதான் பள்ளிப்பட்டிலிருந்து காஞ்சனாவின் தம்பி பூபாலன் போன் செய்தான். மகளுக்குக் காது குத்தாம்.

"பாவா, ஞாயித்துக்கெழம ரெண்டு கெடா வெட்றோம். தலைக்கறி, புளிச்சகீர போட்ட கோங்குரா மட்டன் எல்லாம் இருக்குது. நீங்க வரலன்னா எனக்கு சோறே எறங்காது பாவா."

அவனுக்கு இறங்கும். எனக்குத்தான் இறங்கினது ஏறும். ஏறட்டுமே! தலைக்கறிக்காக எரியாத நெஞ்சும் ஒரு நெஞ்சா?

அன்றைக்கே காஞ்சனாவை விட்டுவிட்டுத் தனியாக டாக்டரிடம் போனேன். அவர் பழைய பாட்டையே இன்னும் நீட்டிப் பாடினார். காரம் கூடாது, புளி கூடாது, கறி கூடவே கூடாது. வீடு வந்து சேர்வதற்குள் நான் அந்தப் பாட்டுக்குப் புது வரி எழுதிவிட்டேன்.

"இன்னா சொன்னாரு டாக்டரு?"

"சாப்பாட்டுக்கும் இதுக்கும் சம்மந்தமே இல்லியாம்."

"ஆங்?"

"எல்லாம் டென்ஷனாம். டென்ஷன் ஆனா ஆசிட் பொங்குமாம். வீட்ல யாரும் என்னை எதிர்த்துப் பேசக்கூடாதாம். முக்கியமா பொண்டாட்டி."

"பொண்டாட்டின்னே சொன்னாரா?"

"அழுத்திச் சொன்னாரு."

காஞ்சனா முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். துடைத்தது சிரிப்பை என்று என் மண்டைக்கு அப்போது எட்டவில்லை.

"செரிங்க. டாக்டரே சொல்லிட்டாரு."

ராத்திரி கமகமவென்று காரக்குழம்பு வரும் என்று உட்கார்ந்தேன். கஞ்சி வந்தது.

"இன்னா காஞ்சனா இது?"

"சாப்பாட்டுக்கு சம்மந்தமே இல்லன்னு சொன்னீங்களே. அப்ப எதைத் தின்னா இன்னா?"

மறுநாள் டி.வி. ரிமோட்டைக் காணோம். "நியூஸைப் பார்த்துகினு கத்தறீங்க, டென்ஷன்." செல்போனைக் காணோம். "கட்சி குரூப்புல சண்ட போட்டுகினே இருக்கீங்க, டென்ஷன்." டீக்கடைக்குப் போகவும் தடை. பக்கத்து வீட்டு முரளிதரனிடம் போய், "அவரு கூட பேச்சு குடுக்காதீங்கண்ணா, டாக்டர் வேணாம்னாரு" என்று சொல்லி வைத்துவிட்டாள். அந்தப் புத்திசாலி அன்று முதல் மதில் மேலே தலையை நீட்டி என்னிடம் கைஜாடையில் பேசினான்.

எதிர்த்து மட்டும் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் எவ்வளவு கத்தினாலும் "செரிங்க" என்பாள். அந்தச் செரிங்கதான் எனக்குச் செரிக்கவே இல்லை.

பல்லைக் கடித்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை வந்தது. சலவைச் சட்டை மாட்டி, பவுடர் பூசி வாசலில் நின்றேன். காஞ்சனா பட்டுப்புடவையில் வந்தாள்.

"எங்கங்க கெளம்பிட்டீங்க?"

"பள்ளிப்பட்டுக்குத்தான்!"

"ஐயய்யோ! அங்க கூட்டம், மைக் செட்டு. எங்க சித்தப்பா வேற குடிச்சிட்டு வந்து வம்பு பண்ணுவாரு. எவ்ளோ டென்ஷன்! உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா டாக்டருக்கு நான் இல்ல பதில் சொல்லணும்?"

"எனக்கு ஒரு டென்ஷனும் ஆவாது!"

"பாருங்க, இப்பவே நரம்பு பொடைக்குது."

பஸ் ஸ்டாண்டுக்குப் போக அவள் சொல்லி வைத்த ஆட்டோ வாசலில் ஹாரன் அடித்தது. ஒவ்வொரு அடிக்கும் ஒரு துண்டு தலைக்கறி என் கையை விட்டு நழுவுவது போல இருந்தது. மானத்தைப் பார்த்தால் கறி இல்லை. கறியைப் பார்த்தால் மானம் இல்லை. நான் கறியைப் பார்த்தேன்.

"காஞ்சனா, டென்ஷன்னு டாக்டர் சொல்லவே இல்லடி! நானா உட்ட கதை. சாப்பாடுதான் காரணம்னாரு. காரம், புளி, கறி எதையும் தொடக்கூடாதுன்னாரு. போதுமா? ஏறு ஆட்டோல!"

அவள் ஒரு காலில் செருப்போடு திரும்பிப் பார்த்தாள்.

"கறி தொடக்கூடாதுன்னாரா?"

"ஆங்!"

"அப்ப கெடா விருந்துல உங்களுக்கு இன்னாங்க வேல?"

ஆட்டோ போய்விட்டது. உள்ளே கஞ்சி தயாராக மூடி வைத்திருந்தது. மதில் மேல் முரளிதரன் தலை தெரிந்தது. சாப்பிட்டாச்சா என்று கையால் கேட்டான். நான் கையால் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது.

சாயங்காலம் காஞ்சனா திரும்பி வந்தாள். பையைத்தான் முதலில் பார்த்தேன். தேங்காய், வெற்றிலை பாக்கு.

"தூக்கு நெறைய கறி குடுத்தான் பூபாலன். நான்தான் வேணாம்னு சொல்லிட்டேன். உங்க ஒடம்புதாங்க முக்கியம்."

ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்தாள். நீளமாக ஓர் ஏப்பம் விட்டாள். கோங்குரா வாசனை கூடம் முழுக்கப் பரவியது. பிறகு நெஞ்சைத் தடவிக்கொண்டாள்.

"ஏங்க, கொஞ்சம் அதிகமா சாப்ட்டுட்டேன் போலக்குது. நெஞ்சு கரிக்குது. உங்க மாத்திரைல ஒண்ணு எடுத்தாங்களேன்."

எடுத்து வந்து நீட்டினேன்.

"பச்சத்தண்ணி வேணாங்க. சுடுதண்ணி."

அடுப்பைப் பற்றவைத்தேன்.