உங்க கையெழுத்தை நீங்களே போடுங்க

"கையெழுத்தைக் கெடுத்தது நீ!"

"போடச் சோம்பல்பட்டது யாரு?"

"எனக்குப் பதிலா போடுன்னு நான் கேட்டேனா?"

"கேக்கல. பேனாவ என் பக்கம் தள்ளிவிட்டீங்க!"

வங்கி வாசல் நடைபாதையில் புருஷனும் பெண்டாட்டியும் கத்திக்கொண்டிருந்தார்கள். அயல்நாடு என்பதால் போகிறவர் வருகிறவர் யாருக்கும் தமிழ் தெரியாது. அந்த ஒரு சௌகரியத்துக்காகவே கூடக் கொஞ்சம் கத்தினார்கள்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். இந்த நாட்டில் வேலை கிடைத்து, மனைவியோடு வந்து இறங்கி, அவள் தம்பி வீட்டுக் கூடத்தில் தங்கியிருந்தார். கம்பெனி சம்பளத்தை வங்கிக் கணக்கில்தான் போடும். வெள்ளிக்கிழமைக்குள் கணக்கு எண் கொடுக்காவிட்டால் முதல் சம்பளம் அடுத்த மாதத்துக்குப் போய்விடும். அதுவரை தனி வீடு கிடையாது. தம்பி வீட்டு சோபாதான். தம்பி மனைவி டிவி பார்த்து முடித்து எழுந்த பிறகுதான் அதில் படுக்க முடியும்.

கணக்கு தொடங்கப் போனால், கவுன்ட்டர் பெண் பேனாவை நீட்டி, ஆங்கிலத்தில், "பாஸ்போர்ட்ல இருக்கற மாதிரியே போடுங்க" என்றுவிட்டாள்.

அவர் போட்டது ஒத்துப்போகவில்லை. பாஸ்போர்ட்டில் இருந்தது மனைவி போட்டது. அது மட்டுமா? காஸ் இணைப்பிலிருந்து இவருடைய லீவு லெட்டர் வரை எல்லாம் அவள் கைவண்ணம். இவருக்கு ஸ்பேனர் வணங்கும், பேனா வணங்காது.

"நானா சொந்தமா கண்டுபிடிச்சேன்? கல்யாணப் பதிவுல உங்க கையெழுத்து இருந்துச்சில்ல, அதைப் பாத்துத்தானே பழகினேன்?"

"அது... எப்பவோ..." என்று இழுத்தவர், சட்டென்று போக்குவரத்தைப் பார்க்க ஆரம்பித்தார்.

"சரி விடுங்க. நாளைக்கு, கையில அடி, கோணலாத்தான் வரும்னு சொல்லிடலாம்."

மறுநாள் பெரிய கட்டோடு போனார்கள். கவுன்ட்டர் பெண் பதறிப்போனாள். "என்ன ஆச்சு சார்?"

"லிஃப்ட் கதவு நசுக்கிடுச்சு."

"அடடா! ஆனா நேத்து நீங்க வலது கையாலதானே போட்டீங்க?"

கட்டு இடது கையில் இருந்தது.

வாசலுக்கு வந்ததும் அவர் பாய்ந்தார். "யாரு கட்டினது?"

"எதிர்ல உக்காந்து கட்டினா எனக்கு வலது, உங்களுக்கு இடது! நீட்டினப்ப உங்களுக்குப் புத்தி எங்க போச்சு?"

கவுன்ட்டர் பெண்ணுக்கு இப்போது சந்தேகம் வந்துவிட்டது. கையெழுத்து ஒத்துப்போனால் மட்டும் போதாது. இவரைத் தெரிந்த வாடிக்கையாளர் ஒருவரும் வந்து, நேரில் கையெழுத்துப் போட்டு அறிமுகம் செய்ய வேண்டும் என்று சொல்லி அனுப்பினாள்.

வீட்டில் பாடம் தொடங்கியது.

"கொக்கி இன்னும் கீழ இறங்கட்டும். வால சுழிச்சு விடுங்க. ஐயோ, இதென்ன மண்புழுவா?"

"என் கையெழுத்துக்கு நீ வாத்தியாரா?"

"உங்களுதே உங்களுக்கு வரலியே, நான் என்ன செய்ய!"

பழைய பேப்பர் ஓரத்தில் எழுதினார். தோசைக்கல்லைத் துடைக்கும் துணியில் எழுதினார். குளியலறைக் கண்ணாடியின் ஆவியில் விரலால் எழுதினார்.

"அண்ணி, கண்ணாடி பூரா ஒரே கிறுக்கல்" என்றாள் தம்பி மனைவி. "அண்ணன் பாத்ரூமைத் தன் பேருக்கு எழுதிக்கிறாரா?"

வெள்ளிக்கிழமை. தெரிந்தவர்களில் அந்த வங்கியில் கணக்கு வைத்திருந்தவன் தம்பி ஒருவன்தான். அவனோ, தலைவலி என்றான், ஆபீஸ் என்றான், வேறு யாரையாவது பாருங்களேன் என்றான்.

"போயிட்டு வாங்க" என்று அவன் மனைவி சட்டையை எடுத்து வீசினாள். "எனக்கு என் சோபா வேணும்."

கவுன்ட்டரில் மெக்கானிக் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே இழுப்பாகப் போட்டார். கொக்கி, வால், சுழி, கீழே புள்ளி. பாஸ்போர்ட் அச்சு அசலாக இறங்கியிருந்தது. மனைவிக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

"இப்ப நீங்க" என்று கவுன்ட்டர் பெண் தாளைத் தம்பி பக்கம் திருப்பினாள்.

"எனக்கும்... கையில கொஞ்சம் வலி..."

அக்கா முறைத்த முறைப்பில் போட்டுவிட்டான். கொக்கி, வால், சுழி, கீழே புள்ளி.

மனைவி தாளின் மேல் குனிந்தாள்.

"டேய், இவர் கையெழுத்து உனக்கு எப்படிடா தெரியும்?"

"அக்கா, கத்தாத. அது என் கையெழுத்துதான்."

"என்னது?"

"உன் கல்யாணத்தன்னிக்குப் பதிவு ஆபீஸ்ல லிஃப்ட் நின்னுபோச்சு. 'தோ பாத்துட்டு வந்துடறேன்'னு போன மாமா வரவே இல்ல. நீ கையெழுத்துப் போட்டுட்டு போட்டோ எடுக்கப் போயிட்ட. ரிஜிஸ்ட்ரார் சாப்பிடக் கிளம்பிட்டாரு. மாப்பிள்ளை எங்கன்னு கத்தினாரு. பயத்துல பேனாவுக்குக் கைய நீட்டிட்டேன்..."

அவள் கணவன் பக்கம் திரும்பினாள்.

"நான் வந்தப்ப எல்லாம் முடிஞ்சிடுச்சு, சாப்பிட வாங்கன்னாங்க" என்றார் அவர், சன்னமாக. "நானும் கை கழுவப் போயிட்டேன்."

இந்தப் பேச்சில் ஒரு வார்த்தையும் புரியாத கவுன்ட்டர் பெண், பாஸ்போர்ட்டையும் தாளையும் இன்னொரு முறை ஒத்துப் பார்த்துத் தலையசைத்தாள். தம்பியின் கிறுக்கலுக்குக் கீழேயும் முத்திரை குத்தினாள். ஒரே குடும்பம், கையெழுத்தும் ஒரே சாடை என்று நினைத்துக்கொண்டாளோ என்னவோ. பிறகு பேனாவை எடுத்துக்கொண்டு மெக்கானிக்கைப் பார்த்துச் சிரித்தாள்.

"எல்லாம் சரியா இருக்கு சார், கணக்கு தொடங்கிடலாம். ஒரே ஒரு கேள்வி மட்டும் விட்டுப்போச்சு. உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?"