பேத்தியின் குடல் பற்றிச் சம்பந்தியம்மாவுக்கு

மதிப்புக்குரிய சம்பந்தியம்மா அவர்களுக்கு,

இங்கே நாங்கள் அனைவரும் நலம். தாங்களும் மாப்பிள்ளையும் தங்கள் தையல் மெஷினும் நலமாக இருக்க வேண்டுகிறேன். இத்தனை நாளாகப் போனிலும் 'எல்லாரும் நலம்' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். இன்று காலையில்தான் உண்மையாயிற்று.

தயவுசெய்து உட்கார்ந்துகொண்டு படியுங்கள். என் மகள், அதாவது தங்கள் மருமகள், எங்கள் வீட்டுக்கு வந்தது பேத்தியைக் கவனித்துக்கொள்ள அல்ல. அவளுக்குக் கருப்பை வாயில் புற்றுநோய். ஆரம்பக் கட்டம். கருப்பையையே எடுத்துவிடுவதுதான் வழக்கமாம். இவளோ, "எனக்குக் குழந்தை வேணும் டாக்டர், வேற வழி இருந்தா சொல்லுங்க" என்று கேட்டுவிட்டாள். டாக்டரம்மா படம் போட்டுக் காட்டினார். கட்டி சின்னது, அதனால் வாய்ப்பகுதியை மட்டும் எடுத்துவிட்டுக் கருப்பையை விட்டுவைக்கலாம், ஆனால் எடுத்த துண்டின் ஓரத்தில் நோய் இல்லை என்று ரிசல்ட் வந்தால்தான் நிச்சயம் என்றார். ஆபரேஷனுக்கு முன்பே மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்பா, அத்தைக்கு மட்டும் தெரியவே கூடாது. அவங்க தாங்க மாட்டாங்க. நீங்கதான் எப்படியாவது சமாளிக்கணும்."

என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். நான் காலமெல்லாம் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவன். முகத்தைப் பார்த்தே 'இந்த ஆள் டிக்கெட் எடுக்கலை' என்று சொல்லிவிடுவேன். பிறர் பொய்யைப் பிடித்துத்தான் பழக்கமே தவிர, சொந்தமாக ஒன்று தயாரித்துப் பழக்கமில்லை. முழிபிதுங்கி நின்றபோது அதே ஆஸ்பத்திரியின் மாடியில் ஒரு பலகை கண்ணில் பட்டது: குழந்தைகளின் உடல் பருமனுக்கும் குடல் பாக்டீரியாவுக்கும் உள்ள தொடர்பு பற்றிய ஆராய்ச்சி. என் மகன் வயிற்றுப் பேத்தி வயதுக்கு மீறிய எடை என்பது தாங்கள் அறிந்ததே. அவளை அந்த ஆராய்ச்சியில் சேர்த்திருக்கிறோம், துணைக்கு அவளுடைய அத்தையான என் மகள் வந்திருக்கிறாள் என்று தங்களிடம் அடித்துவிட்டேன். தாங்கள் துருவிக் கேட்டால் என்ன செய்வது என்ற பயத்தில், மகனையும் மருமகளையும் கெஞ்சிக் கையெழுத்து வாங்கி, குழந்தையை நிஜமாகவே சேர்த்தும் விட்டேன். குடலில் கோடிக்கணக்கான கிருமிகள் குடியிருக்கின்றனவாம், அதில் நல்லதும் உண்டாம், எது எவ்வளவு இருக்கிறது என்பதற்கும் எடைக்கும் சம்பந்தம் இருக்கலாமாம். "இன்னும் ஆராய்ச்சிதான் சார், ஒடனே மெலிஞ்சிடுவான்னு நெனைக்காதீங்க" என்றார் அந்தப் பிரிவு டாக்டர். பேத்தி அதைக் கேட்டதிலிருந்து பள்ளிக்கூடத்தில், "நான் குண்டு இல்ல. எனக்குள்ள கூட்டம் அதிகம்" என்று சொல்லிக்கொண்டு திரிகிறாள்.

கூட்டத்தை எண்ண வேண்டுமானால் மலம் கொடுக்க வேண்டும். அதை டப்பாவில் அடைத்து, குளிர்ச்சி குறையாமல் கொண்டுபோக வேண்டும். என் வீட்டுக்காரி ஃப்ரிட்ஜைத் திறந்தாள், பார்த்தாள், மூடினாள். "இதுக்குள்ள அது இருக்கிற வரைக்கும் நான் அடுப்பு பத்த வெக்க மாட்டேன்" என்றாள். அன்று வீட்டில் எல்லோரும் ரொட்டி. மறுநாள் ஐஸ் பெட்டியோடு பஸ் ஏறினால், என்னிடம் வேலை கற்ற பையன் பரிசோதகராக நிற்கிறான். "சார், நீங்க போய்ச் சுமக்கறதா?" என்று பெட்டியைப் பிடுங்கித் தன் கையில் வைத்துக்கொண்டான். "உள்ள மீனா சார்?" என்று கேட்டான். "இல்லப்பா, ஆராய்ச்சி" என்றேன். அவன் மரியாதையாகப் பெட்டியை இன்னும் நெஞ்சோடு சேர்த்துக்கொண்டான். இந்தத் தடுமாற்றத்தில் நான் டிக்கெட் எடுக்க மறந்துபோனேன் சம்பந்தியம்மா. அவன் என் முகத்தைப் பார்த்தும் கண்டுபிடிக்கவில்லை. நான் சரியாகக் கற்றுக்கொடுக்கவில்லை போலிருக்கிறது.

இதற்கிடையில் மகளுக்கு ஆபரேஷன் முடிந்தது. தாங்கள் வேறு தினமும் சாயங்காலம் தவறாமல் போன் செய்து குடலை விசாரித்தீர்கள். "எந்திரிச்சு நடக்கறாளா? வலி இருக்கா?" என்று கேட்டீர்கள். மலப் பரிசோதனைக்கு வலி ஏது என்று சிரித்துச் சமாளித்தேன். குழந்தைக்கென்று ஒரு நைட்டி தைத்து அனுப்பினீர்கள். அதற்குள் பேத்தியை மூன்று தடவை போடலாம். இத்தனை வருஷம் தைக்கிறவருக்கு அளவு தப்புமா என்று நினைத்தேன், பிறகு துணி மிஞ்சியிருக்கும் என்று விட்டுவிட்டேன். வீணாக்காமல் மகளுக்குப் போட்டுவிட்டோம். கச்சிதம். பிறகு ஒரு குட்டித் தலையணை வந்தது. 'இருமும்போது வயித்துல வெச்சு அழுத்திக்கச் சொல்லுங்க' என்றீர்கள். குழந்தைக்கு இருமலே கிடையாது. தங்கள் வெள்ளை மனதை இப்படி ஏமாற்றுகிறோமே என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. மாப்பிள்ளையைத் தங்களிடம் ஓவர்டைம் என்று சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னதும் நான்தான்.

இன்று ரிசல்ட் வந்தது. ஓரம் சுத்தம். வேறெங்கும் பரவவில்லை. கருப்பை இருக்கிறது. குழந்தை பிறக்கும் என்று எழுதிக் கொடுக்க முடியாது, ஆனால் கதவு அடைபடவில்லை என்றார் டாக்டரம்மா. இனியும் தங்களிடம் மறைக்க எனக்குத் தெம்பில்லை. மகளைக் கோபிக்காதீர்கள். திட்டுவதானால் என்னைத் திட்டுங்கள். தங்கள் குடும்பத்தில் எல்லோரும் நோய்நொடியின்றி நீடு வாழ வேண்டும்.

இப்படிக்கு,
தலைகுனிந்து நிற்கும்
சம்பந்தி

பி.கு.: உறையில் போடும் முன் இதை மகளிடம் படித்துக் காட்டினேன். நைட்டி வந்த இடத்தில் சிரிக்க ஆரம்பித்தவள், ஆபரேஷன் தையல் வலிக்காமலிருக்கத் தங்கள் தலையணையை எடுத்து வயிற்றில் அழுத்திக்கொண்டாள். "அப்பா, அத்தைக்கு மொத நாளே தெரியும். என்னை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனதே அவங்கதான். உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு நான் அழுதேன். அவங்கதான், 'உங்கப்பாவுக்கு ஒரு வேலையக் குடு. என்கிட்ட மறைக்கிற வேலையக் குடு. மனுஷன் அதுலயே மண்டைய ஒடச்சிக்கிட்டுக் கெடப்பாரு, அழ நேரம் இருக்காது'ன்னு சொன்னாங்க. ஆபரேஷன் அன்னிக்குக்கூட நீங்க பாத்துடக் கூடாதேன்னு எதிர்ப்பக்க பஸ் ஸ்டாப்புல நாள் பூரா உக்காந்திருந்தாங்கப்பா" என்றாள்.

ஆகவே மேலே கேட்ட மன்னிப்பை முழுவதுமாக வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். முகத்தைப் பார்த்திருந்தால் பிடித்திருப்பேன், போனில் பேசித் தப்பித்துவிட்டீர்கள். ஆனால் தாங்கள் சொன்னது சரிதான், அழ நேரமே கிடைக்கவில்லை. இப்போதுதான் கிடைத்தது. கடைசி வரிகளில் மை கலைந்திருப்பது அதனால்தான். இன்னும் சில வருஷங்களுக்கு அடிக்கடி செக்கப் உண்டாம். அதுவரை எனக்கு இந்த வேலை வேண்டும். நாளை சாயங்காலமும் வழக்கம்போலப் போன் செய்து, ஒன்றும் தெரியாதவர் மாதிரி, குழந்தையின் குடல் எப்படி இருக்கிறது என்று கேளுங்கள்.