படகில் முளைத்த குடை

அன்புள்ள மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் அக்காவின் கணவன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நாங்கள் இருவரும் நலம். அங்கு நீங்களும் குடும்பத்தாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இல்லாவிட்டால் இந்தக் கடிதத்தைக் குணமான பிறகு படிக்கவும். வழக்கமாக உங்களை 'நீ' என்றுதான் எழுதுவேன். இன்று மரியாதை கூடியிருப்பதற்குக் காரணம் உங்கள் படகு. படகும் நலம்தான். பெரும்பகுதி நலம்.

ஓய்வு பெற்றது முதல் நான் ஆற்றில் தனியாகத் தூண்டில் போட்டுவருவது உங்களுக்குத் தெரியும். மீன்கள் என்னைப் பொருட்படுத்துவதில்லை. வீடு திரும்பினால் சொல்லிக்கொள்ளவும் எதுவும் இருப்பதில்லை. பேச்சுத்துணைக்காவது ஒருநாள் வாயேன் என்று உங்கள் அக்காவைக் கெஞ்சிக்கொண்டே இருந்தேன். கடைசியில் இரங்கினாள். "கரையில சேறு, எறும்பு. படகுன்னா வர்றேன். ஆனா தலைக்கு மேல நிழல் இருக்கணும். ஒரு தடவை வந்து பாப்பேன். புடிக்கலன்னா மறுபடி வாயே திறக்கக் கூடாது" என்றாள். கிடைத்தது ஒரே ஒரு வாய்ப்பு. படகை உங்களிடம் இரவல் கேட்டேன். நிழலை நானே வாங்கிக்கொள்கிறேன் என்றேன். சனி பிடித்தது அந்த இடத்தில்தான்.

காப்பீட்டு அலுவலகத்தில் அடுத்தவர்களுக்கு வரக்கூடிய ஆபத்தைக் கணித்துக் கணித்தே தலை நரைத்தவன் நான். ஒரு குடை வாங்குவதில் ஏமாறுவேனா? தூண்டில் கடைக்குப் போய், முக்காலி ஒன்றைக் கேட்டு வாங்கி, கடை நடுவில் உட்கார்ந்துகொண்டு, ஒவ்வொரு குடையாக விரிக்கச் சொன்னேன். கம்பி வளையுமா, துணி வெளுக்குமா, சாய்த்தால் சாய்த்தபடி நிற்குமா என்று நான் விசாரித்த விசாரணையில் கடைக்காரரும் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். உச்சியில் திறப்பு வைத்த குடை ஒன்றைக் காட்டி, "இதை எடுத்துக்குங்க சார். காத்தடிச்சா மேல வழியா போயிரும்" என்றார். "குடையில ஓட்டையும் போட்டு, அதுக்குக் கூடுதல் விலையா?" என்றேன். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். கைதட்டல் கிடைத்த பேச்சாளனுக்கு அதற்கப்புறம் புத்தி வேலை செய்யாது. இருப்பதிலேயே பெரியதாக, ஓட்டை இல்லாததாக, காற்றில் தானாக மூடிக்கொள்ளாதபடி பூட்டு உள்ளதாக, மண்ணில் திருகி இறக்க அடியில் எஃகுத் திருகுமுனை கொண்டதாக ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். "எங்க சார் உக்காந்து புடிப்பீங்க?" என்று கேட்டார் கடைக்காரர். "ஆத்துல" என்றேன். அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. பாவம், களைத்துப்போயிருந்தார்.

வீட்டுக் கூடத்தில் விரித்துப் பார்த்தேன். விரிந்தது. மூடவில்லை. பூட்டை ஒருவர் அமுக்க, வளையத்தை இன்னொருவர் இழுக்க வேண்டும் என்று புரிவதற்குள் மேல்வீட்டுக்காரர் இறங்கி வந்து, "என்ன சார், ஒழுகுதா? எங்க குழாயெல்லாம் நல்லாத்தானே இருக்கு?" என்றார். உங்கள் அக்கா அதன் கீழே நாற்காலி போட்டுச் செய்தித்தாள் படித்துவிட்டு, "நிழல் பரவாயில்ல" என்றாள். அவள் வாயிலிருந்து 'பரவாயில்ல' வருவது எவ்வளவு அரிது என்பது கூடப்பிறந்த உங்களுக்குத் தெரியாததல்ல. எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை படகை நடு ஆற்றுக்குக் கொண்டுபோய்க் குடையை நிமிர்த்தியபோதுதான், அதை நடுவதற்கு மண் வேண்டுமே என்பது உறைத்தது. நடு ஆற்றில் மண் அடியில் இருக்கிறது. நடுவில் இருந்தது உங்கள் படகின் பலகை மட்டுமே. அதற்கு அடியில் இன்னொரு பலகை கட்டாயம் இருக்கும் என்று கணித்துத் திருகினேன். வெண்ணெயில் கத்தி போல இறங்கியது. "ஏங்க, காலு நனையுதே" என்றாள் உங்கள் அக்கா. பதறாமல் இன்னும் ஒரு திருகு திருகி இறுக்கினேன், கசிவு நின்றது. ஆபத்து நீங்கியது என்று நான் அறிவித்து வாய் மூடுவதற்குள் காற்று கிளம்பிவிட்டது. ஓட்டையில்லாத குடை, வந்த காற்றில் ஒரு சொட்டும் வீணாக்காமல் வாங்கிக்கொள்ள, உங்கள் படகு பாய்மரக் கப்பலாகிவிட்டது. துடுப்பு ஒரு பக்கம் போனது, நாங்கள் ஒரு பக்கம் போனோம்.

"மூடித் தொலைங்களேன்!"

"ரெண்டு பேர் வேணும்மா."

"அப்ப புடுங்குங்க!"

"புடுங்கினா தண்ணி வரும்."

"வேற என்னதான் செய்யலாம்?"

"நிழல்ல உக்காரலாம்."

உண்மையைத்தான் சொன்னேன். ஆனால் அதற்குப் பிறகு, மூடுவதற்குத் தேவையான அந்த இரண்டாம் ஆள் என்னோடு பேசுவதாக இல்லை. எதிர்க்கரை நாணல் புதருக்குள் போய்ச் சொருகி நின்றோம். மத்தியானம் அந்த வழியாக வந்த தோணிக்காரர் குடையையும் அதன் கீழே எங்களையும் பார்த்துவிட்டு, "ஒரு டீ கிடைக்குமா?" என்றார். "இன்னும் பால் வரல" என்றாள் உங்கள் அக்கா, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல். இத்தனை வருடக் குடித்தனத்தில் அந்த அமைதிக்கு என்ன பொருள் என்று எனக்குத் தெரியாதா? தோணிக்காரர் கயிறு கட்டி இழுத்துவர, விரித்த குடையின் கீழ், பதவி பறிபோன ராஜா மாதிரி துறையில் வந்து இறங்கினேன். வீடு வந்து சேரும்வரை அவள் வாய் திறக்கவில்லை.

ஆக, அவள் இனி வரப்போவதில்லை. மறுபடி கேட்பதில்லை என்று கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவேன். தனியாகப் போகவும் மனமில்லை; தூண்டிலைப் பரணில் ஏற்றிவிட்டேன். நாளை தச்சர் வந்து குடையைப் பிடுங்கிவிட்டுப் புதுப் பலகை அடிப்பார். வாரக் கடைசிக்குள் படகு உங்களிடம் வந்து சேரும். இனி ஆற்றை நான் பாலத்தின் மேலிருந்து மட்டுமே பார்ப்பேன்.

உங்கள் வீட்டில் என் அன்பைத் தெரிவிக்கவும். பிள்ளைகளுக்கு என் ஆசிகள், நீச்சலும் கற்றுக்கொடுக்கவும்.

இப்படிக்கு,
வரும் ஆபத்தை வந்த பிறகு அறியும்
உங்கள் அத்தான்

பின்குறிப்பு: உறையில் போடுவதற்குள் உங்கள் அக்கா கடிதத்தைப் பிடுங்கிப் படித்துவிட்டாள். "வரமாட்டேன்னு எவ சொன்னா?" என்கிறாள். நீதான் ஒரு வார்த்தையும் பேசவில்லையே என்றேன். "வாயத் திறந்தா சிரிச்சுத் தொலைச்சிருப்பேன். துறையில ஊரே பாத்துக்கிட்டு நிக்குது, அங்க போயி சிரிக்கச் சொல்றீங்களா?" தச்சருக்குப் போன் போட்டு வர வேண்டாம் என்று சொல்லியாகிவிட்டது. குடையை யாரும் தொடக் கூடாதாம். ஞாயிறுதோறும் சாயங்காலம் எங்களை இழுத்துவரத் தோணிக்காரரையும் பேசிவைத்துவிட்டாள். ஆகையால் படகு உங்களிடம் வந்து சேரும் என்று மேலே எழுதியதை அடித்துவிட்டதாகக் கொள்ளவும். உங்களுக்கு மீன் பிடிக்கத் தோன்றினால் தாராளமாக வாருங்கள். கரையில் நிறைய இடம் இருக்கிறது.