முப்பத்து மூன்று அங்குலம்

"முப்பத்தொண்டு போடுங்க தம்பி. அதுக்கு மேல போகவேணாம்" என்று வாஹித் நானா மறுபடியும் சொன்னார்.

"முப்பத்து மூணே போடுங்க நானா" என்றான் புவனேந்திரன், அவனும் மறுபடியும்.

பதுளையில் டயர் கடை வைத்திருக்கும் வாஹித் நானா தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டு, வாசலில் நின்ற, பின்தட்டு வைத்த கெப் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பழைய டீசல் வண்டி. ஹல்துமுல்லைக்கு மேலே ஒரு தோட்டத்தின் மேற்பிரிவிலிருந்து லீக்ஸ், கரட், தக்காளி ஏற்றிக்கொண்டு வெலிமடைச் சந்தைக்குப் போய் வருவதுதான் அதன் பிழைப்பு. புவனேந்திரனின் பிழைப்பும் அதுதான்.

மேற்பிரிவுக்கு ஏறும் பாதையைப் பாதை என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். பாதி பாறை, மீதி பள்ளம். கல் இடித்து இடித்து வண்டியின் அடிவயிறு ஓட்டையாகிக்கொண்டே இருந்ததால், போன மாதம் அவன் ஸ்பிரிங் மாற்றி வண்டியை நன்றாக உயர்த்தியிருந்தான். வண்டி உயர்ந்துவிட்டது. டயர் மட்டும் பழைய டயர்.

அவன் மனைவி கலாராணி அதைப் பார்த்தது தண்ணீர்க் குழாயடியில், லயத்து வீட்டுப் பெண்கள் எல்லோரும் நிற்கும்போது.

"என்னங்க இது? வளந்த ஆளு சின்னப்புள்ள செருப்பப் போட்டுக்கிட்டு நிக்கிற மாதிரி இருக்கு!"

குழாயடியே சிரித்தது. அந்தச் சிரிப்புத்தான் அவனைப் பதுளை வரை விரட்டிக்கொண்டு வந்திருந்தது.

"முப்பத்து மூணு போட்டா வளைக்கிற நேரம் மட்காட்டுல முட்டும்" என்றார் வாஹித் நானா. "எஞ்சினுக்கு இழுக்க ஏலாது. அதோட இந்த டயர் சேத்துல நல்லாப் பிடிக்கும், ஆனா கல்லு மாதிரி. ஏறி இருக்கிற ஆக்கள்தான் பாவம்."

"முட்டுனா வெட்டிக்கலாம் நானா. நீங்க போடுங்க."

வாஹித் நானா பெருமூச்சோடு ஜக்கை எடுத்தார்.

பண்டாரவளை வரை வண்டி ராஜநடை போட்டது. பஸ்காரர்களையே மேலிருந்து பார்ப்பதுபோல் புவனேந்திரனுக்குத் தோன்றியது. ஹப்புத்தளை தாண்டி முதல் கொண்டைவளைவில் ஸ்டியரிங்கை ஒடித்தான். 'கர்ர்ர்ர்' என்று ஒரு சத்தம். முன் டயர் மட்காட்டில் முட்டிக்கொண்டது. வண்டி பாதி வளைந்தபடி பாதையை அடைத்துக்கொண்டு நின்றது. இரண்டு பக்கமும் பஸ்கள் ஹோர்ன் அடித்தன.

ஒரு கண்டக்டர் இறங்கி வந்தார். "அண்ணே, வளைவு அங்கிட்டு இருக்கு. நீங்க கடைக்குள்ள போறீங்க."

பின்னால் எடுத்து, முன்னால் விட்டு, மறுபடி பின்னால் எடுத்து, ஒவ்வொரு வளைவையும் தவணை முறையில் கடந்து அவன் வீடு போய்ச் சேர்ந்தான்.

மறுநாள் கராஜில் மட்காட்டை வெட்டச் சொன்னான். டயர் தாராளமாகச் சுழன்றது. சேறும் தாராளமாகப் பறந்தது. காலையில் பெரட்டுக் களத்தில் வேலைக்குப் பெயர் கொடுக்க வரிசையாக நின்ற பெண்களைக் கடந்து அவன் போனபோது, வரிசை முழுவதும் ஒரே நிறமாகிவிட்டது.

"அடேய் புவனேந்திரா!" என்று முன்வரிசையில் நின்ற பக்கத்து வீட்டு நல்லம்மா கத்தினாள். "சேத்த வாரி அடிக்கவா டயர் வாங்கினே? நில்லுடா!"

அவன் நிற்கவில்லை. அன்று மாலையே சக்கரங்களுக்குப் பின்னால் கனத்த ரப்பர் தட்டி கட்டினான். தட்டியின் கனமோ, டயரின் கனமோ, வண்டி ஏற்றத்தில் இழுக்க மறுத்தது. கராஜ் மெக்கானிக் பாஸ் டீசல் பம்பில் ஒரு திருகு திருகிவிட்டார். இப்போது இழுத்தது, ஆனால் கிளம்பிய கறுப்புப் புகையைப் பார்த்து, மலையில் தீப்பிடித்துவிட்டது என்று தோட்டத்துக் காவற்காரர் ஆட்களைத் திரட்டிக்கொண்டு வாளியோடு ஓடிவந்தார். வந்தவர்கள் சும்மா திரும்ப மனமில்லாமல் எஞ்சின் மீது இரண்டு வாளி தண்ணீரை ஊற்றிவிட்டுப் போனார்கள்.

அடுத்தது உயரம். பெரட்டுச் சேற்றுக்குப் பரிகாரமாக நல்லம்மாவை ஹல்துமுல்லைக்கு இலவசமாக ஏற்றிப்போக ஒப்புக்கொண்டிருந்தான். ஸ்டூல் போட்டு அவளை ஏற்றியாகிவிட்டது. டவுனில் போய் இறக்கும்போதுதான் ஸ்டூல் வீட்டிலேயே நின்றுவிட்டது தெரிந்தது.

"எறங்குங்க நல்லம்மாக்கா."

"எங்க எறங்குறது? தரையே தெரியலயே!"

கடைசியில் எதிரே இருந்த ஹார்ட்வெயார் கடையிலிருந்து ஏணி வந்தது. அவள் இறங்குவதைப் பார்க்க டவுனே கூடியது.

இத்தனைக்கும் மேலே அந்தக் குலுக்கல். கல்போன்ற டயர், அதற்குமேல் விறைத்த ஸ்பிரிங். அதைச் சரிசெய்யப் பின்ஸ்பிரிங்கில் இன்னொரு தகடு சேர்க்கச் சொன்னார் பாஸ். சேர்த்ததும் குலுக்கல் இரண்டு பங்காயிற்று. வெலிமடையில் வியாபாரி பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"தம்பி, தக்காளின்னுதானே சொன்னீங்க? இதைப் போத்தல்லதான் கொண்டு வந்திருக்கணும்."

அன்றிரவு சாப்பாட்டுத் தட்டை வைத்துக்கொண்டே கலாராணி சொன்னாள்: "முப்பத்தொண்ணுன்னு அந்த நானா படிச்சுப் படிச்சுச் சொன்னாராமே. வண்டியில ஒரு தடவ ஏறுனா, ரெண்டு நாளைக்கு உக்கார முடியல. பேசாம மாத்திட்டு வாங்க."

"டயர்ல ஒரு குத்தமும் இல்ல, கலா. ரோட்டுலதான் குத்தம்."

ரோட்டுக் கதை அவளுக்குத் தெரியாததல்ல. மேற்பிரிவு மாதர் சங்கத்தின் செயலாளர் அவள்தான். பாதை கேட்டு அவள் ஏறாத அலுவலகம் இல்லை. போன மாரியில் நல்லம்மாவின் மருமகள் தயானிக்கு வலி எடுத்தபோது, முச்சக்கர வண்டி ஏற முடியாமல், போர்வையில் கிடத்தித்தான் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். போர்வையின் ஒரு முனையைப் பிடித்தது கலாராணி. குழந்தை பாதிவழியில், மழையில், ஒரு பாறை மறைவில் பிறந்தது. நல்லவேளை, தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். அதற்குப் பிறகும் ஒரு அதிகாரி வந்தார். மெத்தை போட்ட புது ஜீப்பில் கண்ணாடியை ஏற்றிவிட்டபடி மேலே போய் வந்தவர், "அவ்வளவு மோசமில்லையே. அடுத்த வருஷம் பாப்போம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இந்த வருஷம் வேறொரு எஞ்சினியர் வருவதாகத் தகவல் வந்தது.

அவர் வந்த அன்று விடியும்வரை மழை. பாதை பிசைந்த மாவு போலக் கிடந்தது. புவனேந்திரன் வெறும் வண்டியோடு அடிவாரக் கடையடிக்கு வந்தபோது, எஞ்சினியரின் புது ஜீப் பொனட்டைத் திறந்துகொண்டு நின்றது. டிரைவர் றிஸாத் உள்ளே குனிந்து எதையோ தட்டிக்கொண்டிருந்தான். எஞ்சினியர் குடையும் பளபளக்கும் சப்பாத்துமாகப் பொறுமையிழந்து நின்றார். பக்கத்தில் கலாராணியும் சங்கத்துப் பெண்களும்.

"ஸ்டார்ட் ஆகுது இல்ல சேர்" என்றான் றிஸாத்.

"அப்ப இன்னொரு நாள் வாறது" என்றார் எஞ்சினியர், தட்டுத்தடுமாறிய தமிழில்.

கலாராணி சட்டென்று முன்னால் வந்தாள். "என்னத்துக்கு மாத்தயா இன்னொரு நாள்? எங்க வீட்டுக்காரரு வண்டி இருக்கே! இந்த மழையில மேல ஏறக்கூடிய ஒரே வண்டி அதுதான். டயரப் பாருங்க!"

புவனேந்திரன் ஓடிப்போய் வண்டிக் கதவைத் திறந்தான். கல்யாணமான நாளிலிருந்து ஊர் முன்னிலையில் அவள் அவனைப் பாராட்டியது அதுவே முதல் தடவை.

எஞ்சினியரை மூன்று பேர் தூக்கி முன் ஆசனத்தில் வைத்தார்கள். கலாராணி பின்தட்டில் ஏறிக்கொண்டாள். கிளம்புமுன் ஜன்னல் பக்கம் குனிந்து, "மெதுவாப் போயி மானத்த வாங்காதீங்க. நல்லா மிதிச்சுப் போங்க" என்றாள்.

மிதித்தான்.

முதல் பள்ளத்தில் எஞ்சினியரின் குடை கையை விட்டுப் பறந்தது. இரண்டாவதில் அவர் தலை கூரையில் இடித்தது. மூன்றாவதில் அவர் புவனேந்திரனின் மடிக்கு வந்து, நான்காவதில் தன் இடத்துக்கே திரும்பிப் போனார்.

"நவத்தன்ன! நிப்பாட்டுறது! நிப்பாட்டுறது!"

"இப்ப நிப்பாட்டுனா வழுக்கிடும் மாத்தயா!" என்று கத்தினான் புவனேந்திரன். அது உண்மை. அவர்கள் தயானி பிள்ளை பெற்ற பாறை வளைவுக்கு வந்திருந்தார்கள். மழைக்காலத்தில் எந்த வண்டியும் ஏறாத இடம். சேறு சக்கரத்தின் பாதிவரை விழுங்கியது. வண்டி ஒருகணம் பள்ளத்தாக்குப் பக்கம் நழுவியது. எஞ்சினியர் கண்ணை மூடிக்கொண்டார். புவனேந்திரன் பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்டியரிங்கை உள்பக்கம் ஒடித்தான். எங்கும் முட்டவில்லை. பெரிய டயர் சேற்றுக்கு அடியில் பாறையைத் தேடிப் பிடித்தது. கறுப்புப் புகையைக் கக்கிக்கொண்டு, உறுமிக்கொண்டு, வண்டி ஏறியது.

மேற்பிரிவு லயங்களுக்கு முன்னால் வந்து நின்றபோது சனமெல்லாம் கைதட்டியது. யாரோ பட்டாசு கொளுத்தினார்கள். எஞ்சினியரை இறக்கி ஒரு கல்லில் உட்கார வைத்தார்கள். உட்கார்ந்த வேகத்திலேயே எழுந்துவிட்டார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு, வந்த வழியைத் திரும்பிப் பார்த்தார்.

"இதுல... புள்ளத்தாச்சி பொம்பளைங்க போறதா?"

"ஆமாங்க மாத்தயா" என்றாள் நல்லம்மா. இடுப்பிலிருந்த பேரக் குழந்தையைக் காட்டினாள். "இவன் பொறந்தது அந்த வளைவுலதாங்க."

எஞ்சினியர் குழந்தையின் தலையைத் தொட்டார். பிறகு ஃபோனை எடுத்துச் சிங்களத்தில் யாரிடமோ உரத்த குரலில் பேசினார். வைத்துவிட்டுச் சொன்னார்: "இந்த வருஷம் முதலாவது ரோட் இதுதான். முழுசா காங்கிரீட். அடுத்த மாசம் தொடங்குறது."

அப்புறம் அங்கே நடந்ததை யாராலும் ஒழுங்காகச் சொல்ல முடியவில்லை. நல்லம்மா எஞ்சினியரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கோயிலுக்கு வைத்திருந்த மாலையைக் கொண்டுவந்து வண்டிக்குப் போட்டார்கள். புவனேந்திரனைத் தோளில் தூக்கிக்கொண்டு லயத்தைச் சுற்றினார்கள். அந்த உயரத்திலிருந்து அவன் மனைவியைத் தேடினான்.

"பாத்தியா கலா, டயர?"

"பாத்தேங்க, பாத்தேன்" என்றாள் கலாராணி. அவள் கண் கலங்கியிருந்தது.

எஞ்சினியர் இறங்கும்போது வண்டியில் ஏற மறுத்துவிட்டார். வழுக்கும் சேற்றில் சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, சங்கத்துப் பெண்கள் துணைக்கு வர, நடந்தே இறங்கினார். அவ்வளவு எளிமையான மனிதர் என்று புவனேந்திரன் எல்லோரிடமும் சொன்னான்.

மாலை போட்ட வண்டியோடு அவன் முன்னதாகவே கடையடிக்கு வந்துவிட்டான். மனது நிறைந்திருந்தது. யாருக்காவது ஏதாவது செய்யவேண்டும் போலிருந்தது. ஸ்பேனர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஜீப்பருகே போனான்.

"தம்பி றிஸாத், தள்ளு. என்ன கோளாறுன்னு நான் பாக்குறேன்."

றிஸாத் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தான். பொனட்டை மூடினான். உள்ளே கையை விட்டுச் சாவியைத் திருப்பினான். ஜீப் பூனை மாதிரிச் சத்தமில்லாமல் ஸ்டார்ட் ஆனது.

புவனேந்திரன் ஸ்பேனரைப் பிடித்தபடியே நின்றான். றிஸாத் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"ஜீப்புக்கு ஒண்டுமில்ல அண்ணே. மெத்தை ஜீப்புல போனா இந்த சேருக்கும் ரோட்டு வெளங்காது, உங்கட வண்டியில ஒரு தரம் போனாத்தான் வெளங்கும் எண்டு, உங்கட வீட்டு அக்காதான் காலையிலயே எனக்கு டீ வாங்கித் தந்து, பொனட்டைத் தூக்கி வைக்கச் சொன்னாங்க."