பேக்கிங் அண்ணன் கண்டுபிடித்த இடம்

உலகத்தில் உள்ள எந்தச் சாமானையும் எந்தப் பெட்டிக்குள்ளும் அடைத்துவிடக்கூடிய ஒரே மனிதர், ஆம்பூரில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டு மாடி ரூமில் குடியிருக்கும் பேக்கிங் அண்ணன்தான். ஷூ கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷன் சூப்பர்வைசர். தனிக்கட்டை. சொந்தப் பெயர் வீட்டு ஓனருக்கே ஞாபகமில்லை. யானையைக் கொடுத்தாலும் தும்பிக்கையைச் சுருட்டி, காதை மடித்து, மூடியைச் சாத்திவிடுவார் என்று கம்பெனியில் பேச்சு.

ஷேர் ஆட்டோவில் ஏறினால் சும்மா உட்கார மாட்டார். ஒருவரை முன்னால் தள்ளி, அடுத்தவரைப் பின்னால் சாய்த்து, ஜோடி ஷூவைத் தலைமாற்றி வைப்பதுபோல் ஜனங்களை அடுக்கி, இன்னும் இரண்டு பேருக்கு இடம் எடுத்துக் கொடுப்பார். இறங்கும்போது எந்தக் கால் யாருடையது என்று தேட வேண்டியிருக்கும். பிரியாணி பார்சல் வாங்கினால் கடைக்காரர் கண்ணெதிரிலேயே பிரித்துத் திரும்பக் கட்டி, "உள்ள காத்து ஜாஸ்தி, சோறு கம்மி" என்று தீர்ப்பு சொல்வார். அந்தத் தொல்லைக்குப் பயந்தே கடைக்காரர் அவருக்கு ஒரு பீஸ் கூடுதலாகப் போடுவார்.

அப்பேர்ப்பட்டவர் கையில்தான் என் மானம் போய் மாட்டிக்கொண்டது. என் மனைவி மஞ்சுளா பிரசவத்துக்கு ஜோலார்பேட்டையில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். பெண் குழந்தை. ஐந்தாம் மாதம் கூட்டிவர வேண்டும். எங்களுக்கு இருப்பதோ ஒரு ரூம், ஒரு சமையலறை. அதற்குள் இரும்புக் கட்டில், பீரோ, தையல் மிஷின், டிரங்குப் பெட்டி, கல்யாணத்துக்கு வந்த பாத்திர மூட்டை. குழந்தை பிறப்பதற்கு முன்னால் எதுவும் வாங்கக் கூடாது என்று கையைக் கட்டிக்கொண்டிருந்த சொந்தபந்தம், பேர் வைத்த அன்று பழி தீர்த்துக்கொண்டது. குளிப்பாட்டுகிற பிளாஸ்டிக் தொட்டியை மட்டும் ஆளுக்கொன்று தூக்கி வந்தார்கள். வந்ததெல்லாம் இந்த ரூமில்தான் குவிந்தது.

மாமியார் ஒருமுறை வந்து பார்த்துவிட்டு, "கொழந்தைய எங்க மாப்ள போடுவீங்க, பீரோ மேலயா?" என்று கேட்டார். கூட்டிவரும் அன்று தானும் வருவதாகவும், இடம் சரியில்லையென்றால் பேத்தி நடக்கிற வரைக்கும் ஜோலார்பேட்டையில்தான் என்றும் கறாராகச் சொல்லிவிட்டார். மஞ்சுளா போனில் அழுதாள். எனக்கும் மகளை வீடியோவில் கொஞ்சிக் கொஞ்சி அலுத்துவிட்டது.

விஷயத்தைக் கேட்டதும் பேக்கிங் அண்ணன் சிரித்தார். "இதுக்கா இவ்ளோ பேஜாரு? சாவியக் குட்த்துட்டு ஊருக்குப் போ தம்பி. நீ இங்க இருந்தா நீயே ஒரு சாமான்."

இரண்டு நாள் கழித்து மனைவி, மகள், மாமியார் சகிதம் கதவைத் திறந்தேன். வேறு யார் வீட்டுக்கோ வந்துவிட்டோம் என்று நினைத்தேன். ரூமில் கபடி ஆடலாம். சுவரோரம் வெள்ளை அட்டைப்பெட்டிகள் கூரை வரை நூல் பிடித்தாற்போல் நின்றன. ஒவ்வொன்றிலும் துணி, சட்டை, எண்ணெய், சோப்பு என்று கொட்டை எழுத்து. பிளாஸ்டிக் தொட்டிகள் ஒன்றுக்குள் ஒன்று உட்கார்ந்திருந்தன. நடுவில், ஜன்னல் காற்றில், புடவைத் தூளி ஆடிக்கொண்டிருந்தது.

மாமியார் குறை தேடி நாலு மூலையும் பார்த்தார். கிடைக்கவில்லை. கட்டில், மிஷின் எல்லாம் எங்கே என்று கேட்டார். "அடுக்கிட்டேன்கா" என்றார் மாடியிலிருந்து இறங்கி வந்த அண்ணன், அடக்கமாக. நானும் நம்பினேன். யானையையே மடிக்கிறவருக்குக் கட்டில் எம்மாத்திரம்!

மகளைத் தூளியில் போட்டதும் அவள் தன் முதல் வேலையை முடித்தாள். பையில் கொண்டுவந்த துணியெல்லாம் வழியிலேயே தீர்ந்திருந்ததால் மாமியார் துணிக்காகக் கை நீட்டினார். 'துணி' பெட்டியை இறக்கினேன். சுற்றிலும் டேப். டேப்புக்கு மேல் பிளாஸ்டிக் பட்டை, குறுக்கும் நெடுக்குமாக. அடுத்த பெட்டியும் அப்படியே. அத்தனையும் கப்பலேறும் சரக்கு மாதிரி சீல் வைக்கப்பட்டிருந்தன.

அண்ணன் முகம் வெளுத்தது. "கை பழக்கம்க்கா. சீல் போட்டாத்தான் வேல முடிஞ்ச மாதிரி இருக்கும்."

கட்டர் எங்கே என்று கேட்டேன்.

"கொழந்த இருக்கற வீடாச்சே. பத்திரமா ஒரு பொட்டிக்குள்ள வெச்சேன்."

மகள் வீறிட்டாள். மஞ்சுளா என் தோளில் கிடந்த துண்டை உருவிக்கொண்டாள். சமையலறைக் கத்தியும் பெட்டிக்குள் போயிருந்ததால், அண்ணன் ரூமில் ஒரு கத்தியாவது கிடைக்கும் என்று மாடிக்கு ஓடினேன். "வேணாம் தம்பி, நான் எடுத்தாறேன்" என்று அண்ணன் பின்னால் ஓடிவந்தார். அவருக்குப் பின்னால் மாமியார்.

அண்ணன் ரூம் கதவு பாதிதான் திறந்தது. உள்ளே எங்கள் கட்டில் நெட்டுக்குத்தலாக நின்றது. பீரோ, அதன்மேல் தையல் மிஷின், அதன்மேல் டிரங்குப் பெட்டி, உச்சியில் பாத்திர மூட்டை. மகா கெட்டிக்காரப் பேக்கிங் அண்ணன் எதையும் மடிக்கவில்லை, மாயம் செய்யவில்லை. பேசாமல் தன் ரூமுக்குத் தூக்கிப் போய்விட்டிருந்தார். வெளியே மொட்டைமாடியில் ஒரு பாயும் தலையணையும் சுருட்டி வைக்கப்பட்டிருந்தன.

மாமியார் பாயைப் பார்த்தார். "நீ எங்கப்பா படுப்ப?"

"இங்கதான்கா. நல்லா காத்து வருது." திருட்டுப் பிடிபட்டவர்போல் தலையைச் சொறிந்தார்.

மாமியார் கீழே இறங்கினார். தன் பையை எடுத்தார். போச்சு, கிளம்பிவிட்டார் என்று நினைத்தேன். அவர் பையிலிருந்து குழந்தையின் கிலுகிலுப்பையை எடுத்துத் தூளிக் கயிற்றில் கட்டினார். "இங்கியே இருக்கட்டும் மாப்ள" என்றார்.

மறுநாளே நான் பீரோவையும் மற்ற சாமான்களையும் கீழே இறக்கிக்கொண்டேன், அண்ணன் சண்டை போட்டும் கேட்கவில்லை. கட்டிலை மட்டும் அங்கேயே விட்டேன். இப்போது அதில் அவர் படுக்கிறார். மகளுக்குப் பேச்சு வந்துவிட்டது. உங்கள் வீட்டில் எத்தனை ரூம் என்று யாராவது கேட்டால், கீழே ஒன்று, மாடியில் ஒன்று என்று சொல்கிறாள். நாங்கள் யாரும் அவளைத் திருத்துவதில்லை.